கதிர்வீச்சு சிகிச்சைக் காலத்தில் நீச்சல்: தோல் காக்கும் பொருள்களில் எது தேறுகிறது?

கதிர்வீச்சு சிகிச்சை தொடங்கும்போது நீச்சல் பழக்கமுள்ள பலரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: எதைப் பூசினால், எதை ஒட்டினால் குளத்தில் இறங்கலாம்? இதற்குப் பதிலாக விற்கப்படும் பொருள்கள் ஏராளம். கிரீம், ஜெல், ஒட்டும் படலம், நீர்புகா பிளாஸ்திரி, குளோரின் நீக்கும் ஸ்ப்ரே, தனி வகை உடை என்று ஒரு பை நிறைய வாங்கிவிடலாம். அவற்றில் காசுக்குத் தகுந்தவை எவை, வீண் எவை, தோலுக்கே கேடு செய்பவை எவை என்று பிரித்துப் பார்ப்போம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தோல் எங்கும் உடையாமல் இருந்து, சிகிச்சைக் குழுவும் சரி என்றால், மணமற்ற சாதாரண கிரீம், உரசாத உடை, குளத்தைவிட்டு ஏறிய உடனே ஒரு குளியல், இவை மூன்றும் போதும். தோல் உடைந்துவிட்டால் எந்தப் பொருளும் போதாது. தண்ணீருக்கு வெளியே இருக்க வேண்டியதுதான். சில மருத்துவமனைகள் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்தே நீச்சல் வேண்டாம் என்கின்றன, சில முதல் வாரங்களில் அனுமதிக்கின்றன. உங்கள் உடம்பில் கதிர் படும் இடத்தையும் அளவையும் அறிந்தவர்கள் அவர்கள்தான். அவர்கள் வேண்டாம் என்றால் கீழே சொல்லப்படும் எதுவும் அதை மாற்றாது.

தோலில் நடப்பது என்ன

மேல்தோலின் அடிமட்ட அடுக்கில்தான் புதிய செல்கள் பிறக்கின்றன. அவை மெல்ல மேலேறி, சில வாரங்களில் உதிர்கின்றன. கதிர் தாக்குவது பிறப்பு நடக்கும் அந்த அடுக்கை. மேலே ஏற்கெனவே இருக்கும் செல்கள் உதிரும்வரை வெளியே ஒன்றும் தெரிவதில்லை. அதனால்தான் முதல் வாரம் "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று தோன்றும். 2 அல்லது 3 வாரம் கழிந்த பிறகே சிவப்பு, சூடு, அரிப்பு, இறுக்கம் எல்லாம் வரும். மாநிறத் தோலிலும் கருந்தோலிலும் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. நிறம் கறுப்பதும், தொட்டால் சூடாக இருப்பதும், தோலின் மயிர்க்கால்கள் புடைப்பதும்தான் அடையாளம். சிவப்பு வரவில்லை என்று நம்பிக் குளத்துக்குப் போய்க்கொண்டே இருப்பது நம் தோல் நிறக்காரர்களுக்கு எளிதில் நேரக்கூடிய பிழை. அடுத்த கட்டம் வறண்டு செதில் செதிலாக உரிவது. அதற்கும் அடுத்தது நீர் கசிந்து உரிவது.

முக்கியமான ஒன்று: எதிர்வினை கடைசி நாளோடு நிற்பதில்லை. சிகிச்சை முடிந்து 1 முதல் 2 வாரம் வரை மோசமாகிக்கொண்டே போய், பிறகுதான் இறங்கும். கடைசி அமர்வு முடிந்த மகிழ்ச்சியில் நேரே குளத்துக்குப் போகிறவர்கள் தோல் மிகப் பலவீனமாக இருக்கும் நாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மார்பகத்துக்கு 15 அமர்வில் 40 கிரே (கதிர் அளவைச் சொல்லும் அலகு), அல்லது 5 அமர்வில் 26 கிரே என்று சுருக்கமாகக் கொடுக்கும் முறைகளில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சிகிச்சை நடக்கும் நாள்களில் தோல் அமைதியாக இருக்கும். எல்லாம் முடிந்த பிறகே பொங்கும். தலை, கழுத்துப் பகுதிக்கு 7 வாரத்தில் 35 அமர்வு, 70 கிரே என்ற கணக்கில் போகிறவர்களுக்கு நிலைமை வேறு. அவர்கள் பாதி வழியிலேயே நீச்சலை நிறுத்திவிடத் தயாராக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் தெரிந்திருந்தால் பொருள் வாங்குவது எளிது. லீனியர் ஆக்ஸிலரேட்டர் இயந்திரத்திலிருந்து வரும் 6 மெகாவோல்ட் கதிர் தன் முழு வீரியத்தையும் தோலின் மேற்பரப்பில் இறக்குவதில்லை. சுமார் 1.5 சென்டிமீட்டர் உள்ளே போன பிறகே அதன் அளவு உச்சத்தை எட்டுகிறது. தோலுக்குக் கிடைக்கும் இந்தச் சலுகை சில இடங்களில் பறிபோகிறது. அக்குள், மார்பின் அடிமடிப்பு, கழுத்து மடிப்பு, கவட்டி போன்ற இடங்களில் தோலோடு தோல் ஒட்டியிருப்பதால் ஒன்று மற்றொன்றுக்கு மூடிபோல் ஆகி, மேற்பரப்பிலேயே முழு அளவு விழுகிறது. கதிர் சாய்வாக உரசிப் போகும் ஓரங்களிலும் அப்படியே. மருத்துவர்கள் வேண்டுமென்றே போலஸ் என்ற ஜெல் தகட்டைத் தோல்மேல் வைக்கும்போதும் அதே. நீச்சல் உடையின் கைவளைவும், தொடை எலாஸ்டிக்கும், கழுத்துப் பட்டையும் உட்காருவது சரியாக இந்த இடங்களில்தான். குளோரினைவிட இந்த உராய்வைத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

கிரீம்: விளம்பரத்தைப் பார்க்காமல் மூலப்பொருள் பட்டியலைப் பாருங்கள்

வாங்க வேண்டியது மணம் சேர்க்காத, கிளிசரின், பெட்ரோலேட்டம் அல்லது பாரஃபின், டைமெத்திகோன், செராமைடு போன்றவை உள்ள சாதாரண ஈரப்பதக் கிரீம். புற்றுநோயாளிகளுக்கென்றே தயாரித்தது என்று அட்டையில் எழுதியிருப்பதால் அது மேலானதாகிவிடாது. மெந்தால், கற்பூரம், ஆல்கஹால், ரெட்டினால், பழ அமிலங்கள், அதிக அளவு யூரியா இருப்பவற்றை ஒதுக்குங்கள். உலர்ந்த தோலில் தீயாய் எரியும். சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற பெயர் பட்டியலில் இருந்தால் அதைத் திருப்பி வைத்துவிடுங்கள். பல காலம் மருத்துவமனைகளே கொடுத்துவந்த அக்வியஸ் கிரீமில் இதுதான் இருந்தது. இது சோப்பு நுரைக்கான பொருள். தோலில் தங்கவிட்டால் அதன் வேலி பலவீனமாகும். பூசிக் கழுவிவிட ஆகலாம், பூசி விட்டுவைக்க ஆகாது.

கற்றாழை ஜெல்லைப் பலரும் நம்பிக் கேட்கிறார்கள். சோதனைகளில் அது கதிர்வீச்சுப் புண்ணைத் தடுக்கவில்லை. 2002 இல் வெளியான ஓர் ஆய்வில் வறண்டு உரிவதில் சாதாரண அக்வியஸ் கிரீமே அதைவிட நன்றாக இருந்தது. குளிர்ச்சியாக இருக்கிறது என்று விரும்புகிறவர்கள் மணமும் ஆல்கஹாலும் இல்லாத ஜெல்லைப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பயாஃபின் என்ற பெயரில் வரும் ட்ரோலமைன் கிரீமுக்கும் தனிப் பலன் தெரியவில்லை. காலெண்டுலா களிம்பு 2004 இல் ஒரு பிரெஞ்சு ஆய்வில் அந்த ட்ரோலமைனை வென்றது: நடுத்தர அளவுக்கு மேற்பட்ட எதிர்வினை காலெண்டுலா பூசியவர்களில் 41 விழுக்காடு, மற்றவர்களில் 63 விழுக்காடு. ஆனால் அது பிசுபிசுப்பானது, பரப்புவதற்குக் கை அழுத்த வேண்டும். அக்குளில் அழுத்தித் தேய்ப்பது நல்லதல்ல என்பதால் எங்கள் மதிப்பீட்டில் அது இரண்டாம் இடம்தான்.

எவ்வளவு பூசுவது? ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை குழாயிலிருந்து பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். பெரியவர்களின் இரண்டு உள்ளங்கை அளவு இடத்துக்கு, விரல்களையும் சேர்த்து, அது சரியாக இருக்கும். நான்கு கை அளவு இடம் என்றால் ஒரு வேளைக்கு 1 கிராம், நாளுக்கு இரண்டு வேளை 2 கிராம். ஆக 50 கிராம் குழாய் 25 நாள் வரும். அதற்கு முன்பே தீர்ந்தால் கனமாகப் பூசுகிறீர்கள் என்று பொருள்.

கனம் ஏன் முக்கியம் என்றால், சிகிச்சை நேரத்தில் தோல்மேல் தடித்த அடுக்கு இருந்தால் அது சிறிய போலஸ் போல் ஆகிவிடும். முன்பு இதற்குப் பயந்து, கதிர் வைக்கும் முன் 4 மணி நேரம் எதையும் பூசாதீர்கள் என்று சொல்லிவந்தார்கள். 2018 இல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து பார்த்தது. 1 முதல் 2 மில்லிமீட்டர் கனத்தில் பூசியபோது தோலில் விழும் அளவு மாறவில்லை. 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பூசியபோதுதான் கூடியது. யாரும் இயல்பாக 3 மில்லிமீட்டர் அப்பிக்கொள்வதில்லை. ஆகவே காலையில் மெல்லியதாகப் பூசி, உறிஞ்சவிட்டு, சிகிச்சைக்குப் போவதில் தவறில்லை. ஆனால் நீந்தப் போகும் முன் காப்புக்காகத் தடித்துப் பூசுவது வேறு கதை. அன்றைய சிகிச்சை அதற்குப் பிறகு என்றால் அதை முழுக்கக் கழுவ வேண்டும், கழுவுவதற்குத் தேய்க்க வேண்டும், தேய்ப்பதுதான் ஆகாதது. அதனால் வரிசையை மாற்றுங்கள். முதலில் சிகிச்சை, பிறகு நீச்சல். வார இறுதியில் சிகிச்சை இல்லாத நாள் அதைவிட நல்லது.

மொமெட்டசோன் 0.1 விழுக்காடு, பீட்டாமெத்தசோன் ஆகிய ஸ்டீராய்டு கிரீம்கள் தனி ரகம். இவை அரிப்பையும் கடுமையான எதிர்வினையையும் குறைப்பதாகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. தொடக்க நாளிலிருந்தே, உடையாத தோலில், மருத்துவர் எழுதிக் கொடுத்தபடி மட்டும் பூச வேண்டும். வீட்டில் பழைய குழாய் கிடக்கிறதே என்று எடுத்துப் பூசக்கூடாது. ஈரப்பதக் கிரீமையும் இதையும் ஒரே நேரத்தில் கலந்து பூசாமல் அரை மணி இடைவெளி விடுங்கள்.

ஒட்டும் படலம்: இந்தப் பட்டியலில் மிகச் சிறந்த பொருள், ஆனால் நீச்சலுக்கு அல்ல

மெபிடெல் ஃபிலிம் என்பது சிலிகான் பசை உள்ள, கண்ணாடிபோல் தெளிந்த மெல்லிய படலம். முதல் நாளே ஒட்டி, அதன் மேலாகவே கதிர் வைக்கலாம். உடை உரசுவதைத் தடுப்பதுதான் இதன் வேலை. பலன் கண்கூடு. கனடாவில் 376 மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நடந்து 2022 இல் வெளியான சோதனையில், நடுத்தரமும் கடுமையுமான எதிர்வினை படலம் ஒட்டியவர்களில் 15.5 விழுக்காடு, வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களில் 45.6 விழுக்காடு. நீர் கசியும் உரிதல் 8 விழுக்காட்டுக்கு எதிராக 19.2 விழுக்காடு. 2023 இல் வந்த பன்னாட்டு நிபுணர் பரிந்துரையிலும் மார்பகத்துக்கு இது இடம்பெற்றது. அதே பட்டியலில் ஹைட்ரோஃபிலிம் என்ற படலம், மேலே சொன்ன இரண்டு ஸ்டீராய்டுகள், ஆலிவ் எண்ணெய், குறைந்த ஆற்றல் ஒளி சிகிச்சை ஆகியவையும் உண்டு.

ஒட்டுவதில்தான் வெற்றியும் தோல்வியும். தோல் கழுவி முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். கிரீம் பிசுக்கு துளி இருந்தாலும் பிடிக்காது. படலத்தை இழுத்து ஒட்டக்கூடாது. இழுத்தால் அது சுருங்கும்போது தோலையும் சேர்த்து இழுக்கும், ஓரங்களில் கொப்புளம் எழும். அக்குளில் ஒட்டும்போது கையைச் சிகிச்சை மேசையில் வைப்பதுபோல் தலைக்கு மேல் தூக்கி வைத்து ஒட்டினால், கையை இறக்கும்போது சுருக்கம் விழுந்தாலும் பிய்யாது. கையைத் தொங்கவிட்டு ஒட்டினால் தூக்கும்போது கிழியும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலைதான் முதலில் எழும்பும். தாடி வளரும் இடத்தில் நிற்காது. முதல்முறை செவிலியரோ தொழில்நுட்பரோ ஒட்டுவதுதான் முறை.

இது ஷவரில் நிற்கிறது. அதனால் குளத்திலும் நிற்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஷவரில் தோள் மூட்டு நூற்றுக்கணக்கான முறை சுழல்வதில்லை. நீந்தும்போது அக்குளில் உள்ள ஓரம் மெல்ல எழும்பும், உள்ளே குளத்து நீர் புகும், வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கும். குளோரின் நீர் 20 நிமிடம் தோலைத் தொட்டுப் போவது ஒன்று. படலத்துக்கு அடியில் நாள் முழுக்க ஊறவைப்பது முற்றிலும் வேறு. நம் கருத்து உறுதியானது: படலமா நீச்சலா என்று ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அகலமான மார்பு, ஆழமான அடிமடிப்பு, போலஸ் வைக்கும் சிகிச்சை ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் படலத்தைத் தேர்ந்தெடுத்து, நீச்சலைச் சில வாரம் தள்ளி வையுங்கள். நடை போதும்.

நீர்புகா பிளாஸ்திரிகள், டெகாடெர்ம் போன்ற அக்ரிலிக் பசை உள்ள படலங்கள் இவற்றைச் சிகிச்சைப் பகுதியில் ஒட்டவே கூடாது. அந்தப் பசை தோலின் மேல் அடுக்கைப் பற்றிக்கொள்கிறது. புதிய செல் பிறக்காத தோலிலிருந்து அதைப் பிய்த்தால் தோலும் கூட வரும். நீச்சலுக்காக இதை வாங்குவதைவிட வாங்காமல் இருப்பது எவ்வளவோ நல்லது.

ஸ்ட்ராட்டா எக்ஸ்ஆர்டி போன்ற படலமாகும் சிலிகான் ஜெல்கள் படலத்துக்கும் கிரீமுக்கும் இடைப்பட்டவை. தலை, கழுத்துச் சிகிச்சையில் இருந்தவர்களிடம் நடந்த ஒரு சோதனையில் இது சாதாரண ஈரப்பதக் கிரீமைவிடக் கடுமையான எதிர்வினைகளைக் குறைத்தது. தாடிப் பகுதியிலும் கழுத்து வளைவிலும் படலம் நிற்காதவர்களுக்கு நல்ல மாற்று. மிக மெல்லியதாகப் பூசி, உலரவிட வேண்டும். சில நிமிடத்தில் உலராவிட்டால் அதிகம் பூசிவிட்டீர்கள். அடியில் வேறு கிரீம் இருந்தால் படலம் உருவாகாது. நீச்சலுக்குப் பிறகு குளித்துவிட்டு மறுபடி பூச வேண்டும்.

குளத்துக்குக் கொண்டுபோகும் பொருள்கள்

யாரும் அதிகம் பேசாத, ஆனால் நாம் முதலில் வாங்கச் சொல்லும் பொருள் குளத்து நீரைச் சோதிக்கும் தாள் கட்டு. கட்டற்ற குளோரின் (எதோடும் சேராமல் தனித்திருப்பது), மொத்த குளோரின், பி.ஹெச். (அமிலத்தன்மை அளவு) ஆகிய மூன்றையும் காட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். நீரில் நனைத்து, கட்டில் சொன்ன விநாடிகள் காத்திருந்து, நிறத்தை ஒப்பிட வேண்டும். தாமதித்துப் பார்த்தால் நிறம் மாறிவிடும். கட்டற்ற குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மி.கி., பி.ஹெச். 7.2 முதல் 7.8 வரை இருந்தால் இறங்கலாம். மொத்தத்திலிருந்து கட்டற்றதைக் கழித்தால் கிடைப்பது குளோரமைன். வியர்வை, சிறுநீர் இவற்றோடு குளோரின் சேர்ந்து உருவாவது அது. லிட்டருக்கு 0.4 மி.கி.க்கு மேல் இருந்தால் திரும்பிவிடுங்கள். கண்ணையும் தோலையும் எரிப்பது பெரும்பாலும் இதுதான். "குளோரின் வாடை தூக்குகிறது, சுத்தமான குளம்" என்பது தலைகீழான எண்ணம். அந்த வாடை குளோரமைனுடையது.

உப்புநீர்க் குளம் என்றால் குளோரின் இல்லை என்று விளம்பரம் சொல்வதை நம்பாதீர்கள். அங்கே உப்பிலிருந்து மின்சாரத்தின் மூலம் குளோரின் உண்டாக்குகிறார்கள். உப்பு லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் அளவுதான். கடலில் சுமார் 35 கிராம். புற ஊதா, ஓசோன் என்று சொல்லும் குளங்களிலும் எஞ்சிய குளோரின் இருந்தாக வேண்டும். கடல்நீர் உடையாத தோலைக் கெடுக்காது. ஆனால் உலர்ந்ததும் உப்புத் துகள் மடிப்பில் தங்கி அறுக்கும், மணல் அதைவிட மோசம். ஏரி, ஆறு, கிணறு இவற்றில் சிகிச்சைக் காலம் முழுக்க இறங்க வேண்டாம். சூடான நீர்த்தொட்டி அறவே கூடாது. சுமார் 40 டிகிரி சூடு தோலின் வீக்கத்தைக் கூட்டும். அந்தச் சூட்டில் குளோரின் சீக்கிரம் குறைந்து, சூடோமோனாஸ் கிருமி வளர வழி கிடைக்கும்.

உடைக்கு வருவோம். இறுக்கமான பந்தய உடை வேண்டாம். பாலியெஸ்டரும் பி.பி.டி. இழையும் கலந்த உடை குளோரினில் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் சற்று விறைப்பானது. வழக்கமான அளவைவிட ஒரு அளவு பெரிதாக எடுங்கள். தையலை விரலால் தடவிப் பாருங்கள். தட்டைத் தையல் இல்லாமல் மேடாக இருந்தால், அது சிகிச்சைப் பகுதியின் ஓரத்தில் கோடு கிழிக்கும். மார்புச் சிகிச்சையில் கம்பி வைத்த உள்பாகம் ஆகாது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாதவர்கள் முன்பக்க ஜிப் வைத்ததைப் பாருங்கள். இடுப்புச் சிகிச்சையில் தொடை எலாஸ்டிக் கவட்டியில் உட்காரும் உடையைவிட, நடுத்தொடைவரை இறங்கும் கால்சட்டை வகை பல மடங்கு நல்லது. திறந்தவெளிக் குளத்துக்கு யூ.பி.எஃப். 50+ (துணி புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அளவு) என்று குறித்த முழுக்கைச் சட்டை வாங்குங்கள். சிகிச்சைக் காலத்தில் சன்ஸ்கிரீனுக்குப் பதில் அதுதான். நியோபிரீன் நீச்சல் உடை வேண்டாம். கழுத்திலும் அக்குளிலும் அறுக்கும், உள்ளே சூட்டையும் ஈரத்தையும் அடைத்துவைக்கும். மார்பகம் அகற்றியவர்கள் உடைக்குள் வைக்கும் செயற்கை மார்பகத்தைக் குளியலுக்குப் பின் எடுத்துவிட்டுத் தோலை ஆறவிட வேண்டும்.

நீந்தும் முன் காப்புக்குப் பூச, மெல்லிய பெட்ரோலியம் ஜெல்லி அல்லது டைமெத்திகோன் கிரீம் போதும். அதுவும் உடை ஓரம் படும் இடத்தில் மட்டும். கடல் நீச்சல்காரர்கள் பூசும் லானோலின் கலந்த தடித்த கிரீஸ் தேறவில்லை: கழுவ எண்ணெயும் துணியும் வேண்டும், லானோலினுக்குச் சிலருக்கு ஒவ்வாமையும் உண்டு.

குளோரின் நீக்கும் ஸ்ப்ரேக்கள் வைட்டமின் சி அடிப்படையிலானவை. வேதியியல் சரிதான், வைட்டமின் சி குளோரினை உடனே செயலிழக்கச் செய்யும். ஆனால் அஸ்கார்பிக் அமிலம் என்றால் சிவந்த தோலில் எரியும். சோடியம் அஸ்கார்பேட் என்றிருந்தால் எரிச்சல் குறைவு. உடனடியாக வெதுவெதுப்பான ஷவர் கிடைக்கும் இடத்தில் இதற்குத் தேவையே இல்லை.

இறங்குவதும் ஏறுவதும்

குளத்துக்கு முன் ஒரு ஷவர். வியர்வை போனால் குளோரமைனும் குறையும். தண்ணீரில் 20 முதல் 30 நிமிடம் போதும், சோர்வு இருந்தால் இன்னும் குறைவு. நீச்சல் வகையையும் மாற்றிக்கொள்ளுங்கள். மார்பு, அக்குள் சிகிச்சையில் ஃப்ரீஸ்டைல் கை வீச்சுதான் அக்குள் மடிப்பை அதிகம் தேய்க்கிறது; மல்லாந்து படுத்துக் கால் மட்டும் அடிப்பது நல்லது. மிதவைப் பலகையை நெஞ்சோடு அணைக்காமல் கையை நீட்டிப் பிடியுங்கள். இடுப்புச் சிகிச்சையில் தவளைக் கால் உதை கவட்டியை உரசும், தொடையிடுக்கில் வைக்கும் மிதவையும் ஆகாது.

ஏறியதும் பேச நிற்காமல் நேரே ஷவர். வெதுவெதுப்பான நீர் 2, 3 நிமிடம் ஓடட்டும், நீரை நேரே பீய்ச்சாமல் தோளிலிருந்து வழியவிடுங்கள். மணமற்ற மென்மையான திரவ சோப்பைக் கையால் தடவுங்கள். ஸ்பாஞ்சும் நாரும் வேண்டாம். துடைக்காமல் ஒற்றி எடுங்கள். மடிப்புகளைக் காற்றில் உலரவிடுங்கள். ஹேர் டிரையரின் சூட்டுக் காற்று ஆகாது. ஈர உடையோடு வீடு திரும்பாதீர்கள். தோல் உலர்ந்த பிறகு கிரீம். மடிப்பில் பவுடர் போடாதீர்கள், ஈரத்தில் கட்டியாகி அறுக்கும்.

கதிர் வைக்கும் இடத்தைக் குறிக்கப் போட்ட அடையாளங்கள் புள்ளி வடிவப் பச்சை குத்தலாக இருந்தால் நீரில் போகாது. பேனாவால் போட்டவை போகும். மங்கினால் நீங்களே மேலெழுதக்கூடாது. ஒரு கோடு சில மில்லிமீட்டர் தள்ளினாலும் சிக்கல். மறுநாள் தொழில்நுட்பரிடம் சொல்லுங்கள், அவர்கள் அளந்து போடுவார்கள்.

எப்போது நிறுத்துவது

மடிப்பில் பளபளப்பான ஈரம், உள்ளாடையில் மஞ்சள் கறை, கொப்புளம், தண்ணீர் பட்டாலே எரிச்சல். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே நிறுத்துங்கள். உடைந்த தோலில் குளத்து நீர் எரிச்சலோடு தொற்றையும் கொண்டுவரும். வெதுவெதுப்பான கடல், கழிமுக நீரில் இருக்கும் விப்ரியோ கிருமி உயிருக்கே ஆபத்தாகலாம். இந்தக் கட்டத்தில் உப்புக் கரைசலால் கழுவி, மெபிலெக்ஸ் லைட் போன்ற சிலிகான் நுரைக் கட்டுப் போடுவார்கள். வெள்ளி கலந்த களிம்பு மருத்துவர் சொன்னால் மட்டும். பழைய பழக்கத்தில் ஜென்ஷன் வயலட் தடவாதீர்கள்; அது புண்ணை வறட்டும், கறையில் தோலின் நிலையும் தெரியாமல் போகும்.

தோல் எப்படி இருந்தாலும் குளம் வேண்டாம் என்ற நிலைகளும் உண்டு. கீமோவினால் வெள்ளணு குறைந்திருப்பது, கையிலோ மார்பிலோ வெளியே நீளும் பிக் லைன் போன்ற குழாய் இருப்பது, அறுவைக் காயம் மூடாதது, வடிகுழாய் இருப்பது, தொண்டையில் துளை இருப்பது, காய்ச்சல்.

பெரும்பாலோருக்குச் சிகிச்சை முடிந்து 2 முதல் 4 வாரத்தில் தோல் மூடிக்கொள்ளும். நீர் கசிந்து உரிந்தவர்களுக்கு இன்னும் ஆகும். செதில் நின்று, எங்கும் ஈரம் இல்லை என்று குழுவினர் பார்த்துச் சொன்ன பிறகு முதல் நீச்சல் 10 நிமிடம் மட்டும். ஒரு நாள் விட்டுப் பார்த்து, சிவப்போ அரிப்போ வராவிட்டால் நேரத்தைக் கூட்டலாம். எண்ணெய்ச் சுரப்பிகளும் வியர்வைச் சுரப்பிகளும் கதிரில் அடிபட்டிருப்பதால் அந்த இடம் நெடுநாள் வறண்டே இருக்கும். குளத்துக்குப் பிறகான கிரீமை நிறுத்த வேண்டாம். சன்ஸ்கிரீன் இப்போது உதவும்: துத்தநாக ஆக்ஸைடு உள்ள, எஸ்.பி.எஃப். 50, நீரில் நிற்கும் வகை. அட்டையில் 40 நிமிடம் அல்லது 80 நிமிடம் என்று இருக்கும். அந்த நேரம் முடிந்ததும், துண்டால் ஒற்றிய பிறகும் மறுபடி பூச வேண்டும். சட்டை மூடும் இடத்துக்கு அதுவும் தேவையில்லை.